இருட்டு இருபது, வெளிச்சம் பதினாறு

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை

முதலில் ஒரு திருத்தம். சனிக்கிழமைப் பக்கத்தில், வரிசை எண் நான்கில், ‘பன்னிரண்டாவது கணக்கு. எறும்பு எழுதிய விடை 8. சரியான விடை 9. கவனக்குறைவு’ என்று எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டிருக்கிறேன். அது தவறு. சரியான விடை 8. கவனக்குறைவு என்னுடையது.

எங்கள் வரைபட வகுப்பில் அழிரப்பர் கிடையாது. தப்பாகப் போட்ட கோட்டின் மேல் மெல்லிதாக ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் சரியான கோடு, கீழே தேதி. அவ்வளவுதான். தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும் என்பார் ஆசிரியர். அதனால் சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க ஆசையாகத்தான் இருந்தது.

எறும்பு என் அக்கா மகள். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வரிசையாக எது போனாலும் நின்று எண்ணுவாள், அதனால் வந்த பெயர். போன மாதம் வட்டாரக் கணக்குப் போட்டியின் முதல் சுற்றை எழுதினாள். இருபது கணக்குகள். சனிக்கிழமை பட்டியல் வந்தது. முதல் முப்பது பேர் வரும் ஞாயிறன்று இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். எறும்பு முப்பத்தொன்று. ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது.

தேர்வாகாத பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எறும்பின் தாளில் பன்னிரண்டாவது கணக்கின் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில், ‘கிறுக்கக் கூடாது.’

கணக்கு இதுதான்: ஆறு கட்டம் நீளம், ஆறு கட்டம் அகலம் உள்ள சதுரத் தரை. நான்கு கட்டம் நீளமும் ஒரு கட்டம் அகலமும் உள்ள பட்டை ஓடுகளை, வெட்டாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பதித்தால், அதிகபட்சம் எத்தனை ஓடுகள் பதிக்கலாம்?

தரையில் முப்பத்தாறு கட்டம். ஓர் ஓட்டுக்கு நான்கு கட்டம். வகுத்தால் ஒன்பது. நான் யோசித்தது இவ்வளவுதான். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம், செருப்பைக் கழற்றும் நேரம்.

“வகுத்தல்கூடவா மறந்துபோச்சு?” என்று கேட்டேன்.

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

பகலில் மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன், மாலையில் கட்டட வரைபட வகுப்புக்குப் போகிறேன். கணக்கில் எனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை. நம்பிக்கை இல்லாதவள் சிவப்புப் பேனாவை அவ்வளவு அவசரமாக எடுத்திருக்கக் கூடாது.

நேற்று வகுப்பில் ஏதாவது ஒரு தரை அமைப்பை வரையச் சொன்னார்கள். கட்டம் போட்ட தாளில் எறும்பின் தரையை எடுத்துக்கொண்டேன். எட்டுப் பட்டை அடங்கியது. நடுவில் நான்கு கட்டம் சதுரமாகக் காலி. மாற்றி வரைந்தேன். காலி இடம் மூலைக்குப் போனது. பதினான்கு விதமாக வரைந்து பார்த்தேன். ஒன்பதாவது பட்டை எதிலும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிவிட்டாள். இன்று காலைதான் சொல்ல முடிந்தது.

அக்கா அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். காலை ஏழு மணிக்குமேல் அவள் கையில் எது சிக்கினாலும் இறுக்கமாகத்தான் சிக்கும்.

“எறும்பு, உன் விடைதான் சரி. எட்டுதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சந்தோஷம் இல்லை.

“இப்ப சொல்லி என்ன சித்தி? அப்பாவே ஒன்பதுன்னு சொல்லிட்டாரு.”

“யார்கிட்ட?”

“போட்டி மேடம்கிட்ட.”

அக்கா பின்னலை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். சனிக்கிழமை மாலை அவள் எழுதிக் கொடுத்த மறுபரிசீலனைக் கடிதம். நேற்று பள்ளி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அடியில் ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்தோடு ஒரு வரி: ‘மாணவியின் தந்தையிடம் தொலைபேசியில் விசாரிக்கப்பட்டது. தரை ஓடு பதிக்கும் தொழில் செய்யும் அவரே ஒன்பது என்பதை ஒப்புக்கொண்டார். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

படித்துவிட்டுத் தாளை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மாமா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மாமா டைல்ஸ் மேஸ்திரி. பதினெட்டு வருடமாகத் தரை போடுகிறார். அவர் போட்ட தரையில் தண்ணீர் ஊற்றினால் நேராக வடிகாலுக்குத்தான் போகும்.

“ஒப்புக்கொண்டாராம்!” என்றாள் அக்கா. “போலீஸ் ஸ்டேஷன்ல எழுதற மாதிரி எழுதியிருக்கா. நீங்க என்னத்த ஒப்புக்கிட்டீங்க?”

மாமா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“அடப்பாவமே! நான் வேலைல இருந்தேன். கட்டர் ஓடிக்கிட்டிருந்தது. ஒரு அம்மா போன் பண்ணி, ஆறுக்கு ஆறு தரை, நாலுக்கு ஒண்ணு பட்டை, ஒன்பது போதுமான்னு கேட்டாங்க. யாரோ வீட்டுக்கு டைல்ஸ் வாங்கப் போறாங்கன்னு நெனச்சேன். ‘தாராளமா போதும் மேடம், ஒன்பது எடுத்தா கரெக்டா இருக்கும்’னு சொன்னேன்.”

“வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்களா?”

“சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா எட்டுதான், நடுவுல குழி விழும்னு நானே சொல்லியிருப்பேனே. வெட்டாம எவன் வீட்டுல தரை போடறோம்?”

டைல்ஸ் வேலை செய்யும் எவரிடமும் இப்படிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். ஓரத்துக்கு வெட்டுவதுதான் அவர்கள் வேலையில் பாதி. எத்தனை வாங்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. வெட்டாமல் எத்தனை உட்காரும் என்பது வேறு கேள்வி. முதலாவதைக் கேட்டுவிட்டு, இரண்டாவதற்குப் பதில் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். தந்தையின் வாயாலேயே மகளை மட்டம் தட்டியிருக்கிறார்கள்.

எறும்பு எங்களில் யாரையும் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டாள்.

“சாயங்காலம் நாலு மணிக்குப் போறோம்,” என்றாள் அக்கா. “எல்லாரும். என் வேன்ல.”

நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். போட்டி அலுவலகம் ஒரு பள்ளியின் மாடியில், கடைசி அறை. இரண்டு இரும்பு அலமாரி, கட்டுக் கட்டாக விடைத்தாள்கள், சுவரில் ‘சிந்தனையே செல்வம்’ என்று வண்ண எழுத்தில் ஓர் அட்டை. அதன் கீழே ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“நிராகரிச்சு அனுப்பியாச்சேம்மா,” என்றார், நாங்கள் உட்காருவதற்கு முன்பே.

“அதைப் பத்திப் பேசத்தான் வந்தோம்,” என்றாள் அக்கா.

“விடைக்குறிப்பு மேலேர்ந்து வருது. நான் போட்டதில்ல. அதுல ஒன்பதுன்னு இருக்கு. நாலாயிரம் பிள்ளைங்க எழுதியிருக்காங்க. ஒவ்வொரு பெற்றோருக்கும் தன் பிள்ளை மேதைதான்.” பிறகு மாமாவைப் பார்த்தார். அவர் சட்டையில் சிமென்ட் தூசி. “உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேங்க. முப்பத்தாறை நாலால வகுத்தா...”

“ஒன்பது,” என்றார் மாமா. “அது எனக்கும் தெரியும் மேடம்.”

அவர் கொண்டுவந்த பையைத் திறந்தார். மதியம் வேலையிடத்திலேயே தயார் செய்திருக்கிறார். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் ஒன்று. சரியாக அறுபது சென்டிமீட்டர். அதன் மேல் பென்சிலால் பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு, ஆறுக்கு ஆறு கட்டம். கூடவே நாற்பதுக்குப் பத்தாக அறுத்த ஒன்பது பட்டைகள். விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார், குழந்தைகள் கை படும் பொருள்போல.

பெரிய டைல்ஸை மேசை மேல், விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கிவிட்டு வைத்தார். ஒன்பது பட்டைகளையும் பக்கத்தில் அடுக்கினார்.

“நேத்து நீங்க என்கிட்ட கேட்டது பாதிக் கேள்வி. வெட்டக் கூடாதுங்கற வார்த்தைய எங்க விட்டீங்க? சரி, போகட்டும். இப்ப முழுக் கேள்வி. நீங்களே வச்சுக் காட்டுங்க. ஒன்பதும் உட்கார்ந்துட்டா நான் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் நான்கு பட்டைகளை வேகமாக வைத்தார். ஏழாவதில் வேகம் குறைந்தது. எட்டை வைத்துவிட்டு ஒன்பதாவதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் இருந்த சதுரக் குழியைப் பார்த்தார். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பதினோரு நிமிடம். ஐந்து முறை.

“மேடம், கை வலிக்கப் போகுது,” என்றாள் அக்கா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒருங்கிணைப்பாளர் ஒன்பதாவது பட்டையைக் கீழே வைத்தார்.

“என்னால முடியலைங்கறதுக்காக யாராலயும் முடியாதுன்னு ஆயிடுமா?”

இன்று அவர் சொன்னதில் நியாயமான வாக்கியம் அது ஒன்றுதான். என்னுடைய பதினான்கு படங்களும் அந்த ஒரு கேள்விக்கு முன் நிற்காது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இதே கேள்வியை விடைக்குறிப்பிடம் அவர் ஏன் கேட்கவில்லை? ஒன்பது முடியும் என்று சொன்னவர்களிடம், வைத்துக் காட்டு என்று ஏன் கேட்கவில்லை? சந்தேகம் எல்லாம் ஒன்பது வயதுப் பெண்ணின் மேல் மட்டும்தானா?

இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா என்றால், இல்லை. தொண்டை வரை வந்தது. எழுதுவதில் இருக்கும் தைரியம் எனக்குப் பேச்சில் இல்லை.

எறும்புதான் பேசினாள். மூன்று நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு.

“யாராலயும் முடியாதுன்னு நான் அதுலயே போட்டிருக்கேன் மேடம்.” விடைத்தாளில் சிவப்புக் குறிக்குக் கீழே விரல் வைத்தாள். அங்கே சின்னதாக ஓர் ஆறுக்கு ஆறு கட்டம், அதில் அங்கங்கே பென்சிலால் கறுப்படித்திருந்தது.

“இதுவா? இது கிறுக்கல்மா. விடைத்தாள்ல இப்படியெல்லாம் பண்ணக் கூடாது.”

“கிறுக்கல் இல்ல.”

“சரி. ஏன் முடியாதுன்னு எழுத்துல குடு. உன் கையெழுத்துல. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள, இந்தத் தாளோட. பத்தரைக்குப் பட்டியல் மேலே போயிடும். அதுக்கப்புறம் என்னைக் கேட்காதீங்க.”

இரங்கிச் சொன்னாரா, எங்களை வெளியே அனுப்புவதற்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேனில் கிளம்பினோம். இரண்டாவது சிக்னலில் நான் பின்னால் திரும்பினேன்.

“எறும்பு, அந்தக் கட்டம் எனக்குப் புரியல. சொல்றியா?”

“உனக்குத்தான் வகுத்தல் தெரியுமே.”

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு வேண்டியதுதான்.

“வகுத்தல் மட்டும்தான் தெரியும்,” என்றேன். “அதான் கேக்கறேன்.”

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு விடைத்தாளை என் மடியில் வைத்தாள்.

“ரெண்டுக்கு ரெண்டு கட்டமா தரையப் பிரிக்கணும். ஒன்பது துண்டு வரும். ஒண்ணு இருட்டு, அடுத்தது வெளிச்சம், அப்படியே மாத்தி மாத்தி. நாலு மூலையும் இருட்டு, நடுவுலயும் இருட்டு. ஆக அஞ்சு துண்டு இருட்டு. எத்தனை கட்டம்?”

“இருபது.”

“வெளிச்சம் நாலு துண்டு. பதினாறு கட்டம். இப்ப ஒரு பட்டைய எங்க வேணா வை. படுக்க வை, நிக்க வை, ஓரத்துல வை.”

விரலால் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அது இரண்டு இருட்டையும் இரண்டு வெளிச்சத்தையும் மூடியது. நகர்த்தினேன். அப்போதும் இரண்டு, இரண்டு.

“ஒவ்வொரு பட்டையும் ரெண்டு வெளிச்சம் சாப்பிடுது,” என்றாள். “பதினாறு வெளிச்சம் எட்டுப் பட்டையிலயே தீந்துடும். ஒன்பதாவது பட்டைக்குச் சாப்பிட வெளிச்சமே இல்ல. நாலு இருட்டுதான் மிச்சம். எப்படிப் போட்டாலும் நாலு இருட்டு மிச்சம்.”

அக்கா வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

மாமா இருக்கையிலிருந்து எழுந்து பின்னால் வந்து, குனிந்து பார்த்தார். தன் கட்டை விரலைப் பட்டை போல வைத்து நகர்த்தினார். அவர் உதடு ‘ரெண்டு, ரெண்டு’ என்று அசைந்தது.

“பதினெட்டு வருஷம்,” என்றார். “குழி விழும்னு தெரியும். ஏன் விழுதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

இதற்குத்தான் ‘கிறுக்கக் கூடாது’ என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. இந்த வருடத்தில் முதல் முறை. ஆறரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு வெள்ளைத் தாள். எறும்பு பென்சிலைத் தொடவில்லை.

“எழுதுடி,” என்றாள் அக்கா.

“நான் போன மாசமே எழுதிட்டேன். அவங்கதான் படிக்கல.”

“திமிரப் பாரு! பத்து மணிக்குள்ள குடுக்கணும்.”

“மொதல்ல ஒன்பதுன்னு சொன்னவங்க எழுதட்டும்.”

வீட்டில் ஒன்பது என்று சொன்னவர்கள் இரண்டு பேர். நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாமாதான் முதலில் எழுந்தார். அவர் எழுதுவது அளவுகள் மட்டுமே. ஒரு முழுப் பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை. இன்று எழுதினார்: ‘என்னிடம் கேட்டது எத்தனை வாங்க வேண்டும் என்று. வெட்டாமல் பதிக்க எட்டுதான் முடியும். என் மகள் சொன்னது சரி. என் பெயரை அவளுக்கு எதிராக எழுதியது தவறு.’ கையெழுத்துப் போடும்போது பென்சில் முனை உடைந்தது. மேசைக் கத்தியால் சீவிக்கொண்டு மீதியைப் போட்டார். அக்கா மறுபடி படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. அக்காவிடம் இதற்கு மேல் பாராட்டு கிடையாது.

நான் இந்த நோட்டைக் கொண்டுவந்து சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரிசை எண் நான்கின் மேல் குறுக்குக் கோடு, பக்கத்தில் 8.

எறும்பு அதை மெதுவாகப் படித்தாள்.

“தேதி போடல.”

போட்டேன்.

“கவனக்குறைவுன்னு இருக்கே, அதையும் அடி.”

அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பென்சிலை எடுத்தாள். ஐந்து வரி எழுதினாள். இருட்டு இருபது, வெளிச்சம் பதினாறு என்று தொடங்கினாள். கட்டத்தை மட்டும் பெரிதாகவும் சுத்தமாகவும் நான் வரைந்து தர வேண்டும் என்றாள். “உன் வகுப்புல வரையற மாதிரி.” மூன்று நாளுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை. வரைபலகையையும் வளைகழுத்து விளக்கையும் எடுத்து வந்தேன்.

அளவு எடுக்க அவள் விடைத்தாளைப் பலகையில் குத்தி, விளக்கைச் சாய்த்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தாளில் அழுந்திய கோடுகளுக்கு நிழல் வரும். அழித்த கோடும் தெரியும். அழிரப்பரை நம்பாதே என்று வகுப்பில் சொல்வது இதனால்தான்.

சிவப்புப் பெருக்கல் குறிக்கு அடியில், எட்டின் பக்கத்தில், ஒரு சரிக்குறி இருந்தது. பென்சிலில் போட்டு, பிறகு நன்றாக அழிக்கப்பட்ட சரிக்குறி.

முதலில் என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். விளக்கை இந்தப் பக்கம் நகர்த்தினேன், அந்தப் பக்கம் நகர்த்தினேன். அக்காவைக் கூப்பிட்டேன், மாமாவைக் கூப்பிட்டேன். எறும்பு தானாக வந்து நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

கறுப்படித்த கட்டத்தின் கீழே, அழித்த இடத்தில், ஒரு வார்த்தையும் இருந்தது. பெரியவர் ஒருவரின் சாய்ந்த கையெழுத்து. எறும்புதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அ... ரு... மை.”

யாரோ படித்திருக்கிறார்கள். புரிந்துகொண்டும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரோ அதை அழித்துவிட்டு, மேலே சிவப்பில் கிறுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். தெரியாமல் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததும் தவறு. அதற்கும் ஒரு குறுக்குக் கோடு.

“சித்தி,” என்றாள் எறும்பு, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அவங்க யாரு?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்த வாரம்தான் கற்றிருக்கிறேன்.

நாளை செய்ய வேண்டியவை:

1. ஏழரைக்கு மருந்துக்கடை முதலாளிக்குப் போன். அரை நாள் விடுப்பு.

2. ஒன்பதரைக்குள் போட்டி அலுவலகம். எறும்பின் ஐந்து வரி, என் படம், மாமாவின் கடிதம், விடைத்தாள். விடைத்தாளைக் கையைவிட்டுக் கொடுப்பதில்லை. வளைகழுத்து விளக்கையும் எடுத்துப் போக வேண்டும்.

3. ‘அருமை’ என்று எழுதியது யார், அழித்தது யார் என்று கேட்க வேண்டும். அக்கா கேட்கக் கூடாது, மாமா கேட்கக் கூடாது. நான், வாய்விட்டு.